வைத்தியச் செல்வர் வில்லியம் மேயோ

பிணி தீர்க்குந் தொழில், தொழில்கள் யாவற்றுள்ளுஞ் சிறந்ததென ஆன்றோர் கூறுவர். அது புண்ணியமும் பொருளும் ஒருங்கே தருவது. இவ்விரண்டும் ஒருங்கே வருதலினாலேயே, அத்தொழில் செய்வார்க்கு ஏனையோர்க்கில்லாத ஓர் இடர்ப்பாடும் நேர்கின்றது. அரிசி வாங்கச் செல்பவன் ஒரு கடையில் விலை கூடினால் மறு கடைக்குப் போகலாம். நோயால் வருந்துபவனோ விலை பேசும் நிலையில் இல்லை. கேட்டதைக் கொடுக்க உடன்படுவான். காணியை ஈடுவைத்துங் கொடுப்பான். தாலிக்கொடியை விற்றுங் கொடுப்பான். ஆதலின், பிறர் துன்பத்தின் வழியாக வரும் பொருளை எவ்வளவு கொள்ளலாம், கொண்டதை என் செய்யலாம் என்னும் வினா, வைத்தியர் ஒவ்வொருவர் முன்னும், வைத்தியசாலை ஒவ்வொன்றன் முன்னும் எழுந்து நிற்கின்றது.

நம் நாட்டில் அரசினர் வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சை உண்டு. அவற்றின் அயலிலேயே கட்டணம் பெறுந் தனியார் வைத்தியசாலைகளும் பெருகியுள்ளன. வைத்தியராதலையே இலட்சியமாகக் கொண்டு இராப்பகலாகப் படிக்கும் மாணவர் நம் கல்லூரியிற் பலர். வைத்தியராய் விளங்கும் பழைய மாணவரும் பலர். அவர்களை எண்ணியே, மேற்கூறிய வினாவுக்கு வாயால் விடை கூறாது வாழ்க்கையால் விடை கூறிய ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தேன். அவர்தாம் அமெரிக்க நாட்டுச் சத்திர வைத்தியர் வில்லியம் ஜேம்ஸ் மேயோ.

வில்லியம் மேயோ 1861ஆம் ஆண்டு யூன் மாதம் 29ஆந் தேதி, ஐக்கிய அமெரிக்காவின் வட பாகத்திலுள்ள மினசோட்டா மாநிலத்தில், லெசூயர் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் வோறல் மேயோ இங்கிலாந்திலே, மான்செஸ்டர் நகருக்கு அண்மையிற் பிறந்து, இளமையில் அமெரிக்கா சென்றவர். ஆங்கே தையற்றொழிலுஞ் செய்தார். பின்னர் வைத்தியங் கற்றுப் பட்டமும் பெற்றார். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1863ஆம் ஆண்டில், படைக்கு ஆட்சேர்க்குங் கழகத்தின் வைத்தியராக அம்மாநிலத்து ரொச்செஸ்டர் என்னும் ஊருக்கு வந்தவர், அவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்டார். அங்கே 1865ஆம் ஆண்டில் இளைய மகன் சாள்ஸ் பிறந்தான்.

ரொச்செஸ்டர் அக்காலத்திற் பெருநகரன்று. கோதுமை வயல்கள் சூழ்ந்த கமக்காரர் ஊர். அங்கிருந்து குதிரை வண்டியிற் பல கல் தூரஞ் சென்று நோயாளரைப் பார்ப்பது பெரிய மேயோவின் நாளாந்த வேலை. அவ்வண்டியில் மைந்தர் இருவரும் உடன் செல்வர். எலும்புகளின் பெயரையும் மருந்துகளின் குணத்தையும் அவர்கள் பள்ளிக்கூடத்திற் கற்கவில்லை. தந்தையார் அருகிருந்தே கற்றனர். ஒருமுறை சத்திர சிகிச்சை நடக்கும்போது, மயக்கமருந்து கொடுத்து நின்றவரே மயங்கி வீழ்ந்தாராக, சிறுவன் சாள்ஸ் ஒரு பெட்டியின்மேல் ஏறிநின்று அவ்வேலையைச் செய்து முடித்தான் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவந்த செய்தி.

பெரிய மேயோவின் குணத்தை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். சிறந்த நுணுக்குக்காட்டி ஒன்று வாங்க விரும்பியவரிடம் அதற்குரிய 600 டொலர் இல்லை. மனைவியாரோடு கலந்து பேசினார். அம்மையாரும் இசைய, குடியிருந்த வீட்டையே ஈடுவைத்து அக்கருவியை வாங்கினார். அக்கடனைத் தீர்க்கப் பல ஆண்டுகள் சென்றன. வைத்தியத்தால் வந்த பொருள் வைத்தியத்துக்கே திரும்புதல் வேண்டும் என்னும் பாடத்தை மக்கள் முதன்முதலிற் கற்றது அவ்வீட்டிலேதான். வறியவரிடம் பணங்கேட்டு நெருக்கும் வழக்கமும் அவருக்கு இருந்ததில்லை.

வில்லியம் 1883ஆம் ஆண்டில் மிச்சிக்கன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். அவ்வாண்டு ஆகத்து மாதம் 21ஆந் தேதி மாலை, கொடிய சுழற்காற்று ஒன்று ரொச்செஸ்டரின் வடபகுதியைத் தாக்கியது. வீடுகள் இருந்தவிடந் தெரியாமற் போயின. இறந்தவரும் உறுப்பிழந்தவரும் பலர். ஊரிலோ வைத்தியசாலை இல்லை. நடன மண்டபமொன்றிலும் பிற கட்டடங்களிலும் காயமுற்றோரைக் கிடத்திச் சிகிச்சை செய்தனர். அவர்களைப் பராமரிக்க ஆளின்மையால், அவ்வூரில் பாடசாலை நடத்திவந்த பிரான்சிஸ்கன் சபைக் கன்னியரைப் பெரிய மேயோ துணைக்கழைத்தார். தாதித் தொழில் பயிலாத அவ்வாசிரியைகள் தயங்காது வந்து உழைத்தனர்.

இடர் நீங்கியபின், அக்கன்னியரின் தலைவியாகிய அல்பிரட் அம்மையார் மேயோவிடஞ் சென்று, இவ்வூருக்கு ஒரு வைத்தியசாலை வேண்டும். கட்டுவது எம் பொறுப்பு. நடத்துவது உம் பொறுப்பு என்ற கருத்தைத் தெரிவித்தார். பெரிய மேயோ உடனே இசைந்தாரல்லர். ஊர் சிறிது, செலவோ பெரிது. அன்றியும், வைத்தியசாலை என்றால் இறக்கப்போகின்றவர் செல்லுமிடம் என்பதே அக்கால மக்களின் எண்ணம். அம்மையாரோ பின்வாங்கவில்லை. கன்னியர் நான்கு ஆண்டுகள் சிக்கனமாக வாழ்ந்து, பாடம் சொல்லிக்கொடுத்தும் கைவேலை செய்தும் பொருள் சேர்த்தனர். 1889ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 30ஆந் தேதி, புனித மரியாள் வைத்தியசாலையில் முதலாவது சத்திர சிகிச்சை நடைபெற்றது. அதில் அன்றிருந்த படுக்கைகள் 27. தந்தையாருக்கு வயது 70, வில்லியத்துக்கு 28, சாள்சுக்கு 24.

அவ்வைத்தியசாலையின் தொடக்க நிலையை இன்று எண்ணிப் பார்த்தல் தகும். பயிற்சி பெற்ற தாதியாக முதலில் இருந்தவர் ஈடித் கிரகாம் என்னும் ஒருவரே. பின்னர் அவர் சாள்சின் மனைவியானார். கன்னியரே கூட்டினர்; சமைத்தனர்; துணி வெளுத்தனர்; இரவில் நோயாளரருகே விழித்திருந்தனர். மதபேதங் காரணமாக அங்கே வரத் தயங்கிய ஊரவரும் இருந்தனர். மேயோ குடும்பத்தார் அக்கன்னியரின் சமயப் பிரிவைச் சேர்ந்தவரல்லர். எனினும் நோய்க்குச் சமயமில்லை என்ற ஒரே கொள்கையில் இருசாராரும் ஒன்றுபட்டு நின்றனர்.

மேயோ சகோதரரின் புகழ் பரவியதற்குக் காரணம் மந்திரமன்று, இடையறாத கல்வியே. ஸ்கொத்லாந்தில் லிஸ்டர் காட்டிய கிருமிநீக்க முறையை அவர்கள் கடைப்பிடித்தனர். அதனால் வயிற்றைத் திறந்து செய்யுஞ் சிகிச்சைகளும் அச்சமின்றிச் செய்தற்குரியனவாயின. சகோதரர் இருவரும் ஒருங்கே ஊரைவிட்டுப் போவதில்லை. ஒருவர் ஊரிலிருந்து சிகிச்சை செய்ய, மற்றவர் பிற நகரங்களுக்குச் சென்று வல்லுநரிடம் புதிய முறைகளைக் கண்டு வருவார். கண்டு வந்ததை இருவருஞ் செய்து திருத்துவர். சில ஆண்டுகளில், அவர்கள் தேடிச் சென்ற வல்லுநரே அவர்களைத் தேடி அச்சிற்றூருக்கு வரலாயினர். வில்லியம் 1906ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் தலைவரானார். பத்தாண்டுகளின் பின் சாள்சும் அப்பதவியை எய்தினார்.

ஒருவர் அறிவு எத்துணைப் பெரிதாயினும் மனித உடம்பு முழுவதையும் அறிதற்குப் போதாது என்பதை வில்லியம் நன்குணர்ந்திருந்தார். ஆகவே வல்லவர் பலரைப் பங்காளராகச் சேர்த்தார். 1901ஆம் ஆண்டிற் சேர்ந்த ஹென்றி பிளம்மர் என்பார், 1907ஆம் ஆண்டில் ஒரு புதிய ஒழுங்கை வகுத்தார். அதுவரை ஒவ்வொரு வைத்தியரும் தத்தம் பேரேட்டில் தனித்தனியே குறிப்பெழுதி வந்தனர். பிளம்மரோ நோயாளர் ஒவ்வொருவர்க்கும் ஓர் இலக்கமும் ஓர் உறையும் கொடுத்து, எந்த வைத்தியர் எதை எழுதினும் அவ்வுறையிலேயே சேரச் செய்தார். இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் வழங்கும் நோயாளர் பதிவுமுறைக்கு இது முன்மாதிரிகளுள் ஒன்று. 1905ஆம் ஆண்டில் லூயி வில்சன் என்னும் மற்றொருவர், அறுத்தெடுத்த தசையை உறையச்செய்து, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அது புற்றோ அன்றோ எனக் கூறும் முறையைச் செப்பனிட்டார்.

நிற்க, இனிப் பொருளின் கதைக்கு வருவோம். மேயோ சகோதரர் நடத்தியது தருமசாலையன்று; இலாபம் ஈட்டிய பங்குத்தொழில். நோயாளர் கட்டணஞ் செலுத்தினர். செலவு போக எஞ்சியது சகோதரர்க்கும் பங்காளர்க்கும் உரியதாயிற்று. செல்வரிடம் அவர்கள் தாராளமாகவே பெற்றனர். நடுத்தர நிலையினரிடம் அவரவர் தகுதி நோக்கிப் பெற்றனர். இல்லாதவரிடம் பெறவில்லை. கட்டணத்துக்காக ஒருவரையும் நீதிமன்றுக்கு இழுப்பதில்லை. எவருடைய வீட்டையும் ஈடாகக் கொள்வதில்லை என்பது அவர்தம் உறுதியான விதி. தாம் சிறுவராயிருந்தபோது தம் வீடே ஈட்டிலிருந்ததை அவர்கள் மறக்கவில்லை போலும்.

எனினும் நோயாளர் ஆயிரக்கணக்கிற் பெருகப் பெருகப் பொருளும் பெருகியது. 1894ஆம் ஆண்டில், தத்தம் வீட்டுக்கடன் தீர்ந்து, குடும்பத்துக்கு வேண்டிய பாதுகாப்பும் அமைந்தபோது, சகோதரர் ஒரு முடிவு செய்தனர். அது முதல் ஆண்டு வருமானத்திற் பாதியைத் தொடாது ஒதுக்கிவைத்தல் என்பதே அம்முடிவு. அப்பணம் நோயாளர் கொடுத்தது. எவ்வாறேனும் நோயாளர்க்கே திரும்புதல் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எவ்வழியால் திருப்புவது என்பதை அப்போது அவர்கள் அறிந்திலர். வழி தெரியாதபோதும் நிதியை ஒதுக்கினார்களே, அதுதான் நாம் ஊன்றி நோக்கவேண்டியது. நம்மிற் பலர், நல்ல காரியம் ஒன்று எதிர்ப்பட்டாற் கொடுப்போம் என்று சொல்லிக்கொண்டு, அது எதிர்ப்படும்போது கையில் ஒன்றுமில்லாதிருக்கின்றோம்.

இருபது ஆண்டுகளின் பின் வழி தெரிந்தது. இளம் வைத்தியரை மேற்படிப்பிலும் ஆராய்ச்சியிலும் பயிற்றினால், அப்பயன் என்றும் காணாத நோயாளரையுஞ் சென்றடையும் என அவர்கள் கண்டனர். 1915ஆம் ஆண்டில் 15 இலட்சம் டொலரைக் கொண்டு, மினசோட்டா சர்வகலாசாலையோடு இணைந்து, வைத்தியக் கல்வி ஆராய்ச்சி நிதியம் ஒன்றை நிறுவினர். நன்மை செய்ய முயன்றவர்க்கு எதிர்ப்பு வாராதிருந்த காலம் உண்டோ? இவர்கள் தம் தொழிலுக்குச் சர்வகலாசாலையின் பெயரை விளம்பரமாக்குகின்றனர் என வைத்தியர் பலர் முறையிட்டனர். மாநில சட்டசபையில் அவ்விணைப்பைத் தடுக்கும் மசோதாவும் வந்தது. 1917ஆம் ஆண்டில் வில்லியம் மேயோ சபையினர் முன் தாமே சென்று, எழுதிய தாளின்றிப் பேசினார். தாம் கொடுக்கும் பணம் மக்களிடமிருந்து வந்தது; தம் மரணத்தோடு அதன் பயன் மடியலாகாது என்பதே அவர் பேச்சின் சாரம். மசோதா நிறைவேறவில்லை. அவ்வாண்டே அந்த இணைப்பு நிலைபெற்றது.

இதற்கிடையே ரொச்செஸ்டர் ஊரும் மாறிவிட்டது. புகையிரதத்தில் வந்திறங்கும் நோயாளர்க்கும் உறவினர்க்கும் தங்குமிடம் வேண்டியிருந்தது. ஜோன் காலர் என்னும் வணிகர் 1907ஆம் ஆண்டில் விடுதியும் வைத்தியசாலையுங் கலந்த ஒரு நிலையத்தைத் திறந்தார். அதிலிருந்து வளர்ந்த அவரது கம்பனி, விடுதிகளோடு வைத்தியசாலைகள் பலவற்றையும் இலாபம் கருதி நடத்தியது. அதனைப் பழித்தல் முறையாகாது. அக்கட்டடங்கள் இன்றேல், வந்த நோயாளர்க்குப் படுக்கை இருந்திராது. ஆயினும் கால் நூற்றாண்டு, அரை நூற்றாண்டு என்று காலஞ் செல்ல, அவ்வைத்தியசாலைகளும் பொதுநலத்தை நாடியே வந்தன. 1954ஆம் ஆண்டில் மெதடிஸ்த சபையைச் சார்ந்தோர் அவற்றைப் பொறுப்பேற்று, இலாபங் கருதாத வைத்தியசாலையாக்கினர். இலாபம் ஒரு வைத்தியசாலையைத் தொடக்கி வைக்கலாம். அதனை நிலைநிறுத்துவது ஊரவரின் உரிமையுணர்ச்சியே என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வில்லியம் மேயோவின் வாழ்க்கையில் உச்சமான செயல் 1919ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவருக்கு அப்போது வயது 58. தாமுந் தம்பியாரும் இறந்தால் நிலையம் என்னாகும் என அவர் சிந்தித்தார். கட்டடம், கருவி, வங்கியிருப்பு யாவும் இருவர் பெயரில் இருந்தன. மரபுரிமைப்படி அவை பிரிந்து மக்களுக்கும் மருமக்களுக்குஞ் செல்லும். பிரிந்தபின் நிலையம் நிலையாது. நம் ஊரிலே நல்ல தோட்டங்கள் பங்குபோட்டுப் பங்குபோட்டு ஒருவர்க்கும் உதவாத துண்டுகளானதை நாம் கண்டிருக்கின்றோமல்லவா? ஆகவே சகோதரர் இருவரும் நிலையத்தின் சொத்து முழுவதையும், பல ஆண்டுகளாகச் சேர்த்த நிதியின் பெரும் பாகத்தையும், ஒரு பொதுச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தனர். அச்சங்கத்தின் வருமானத்தில் ஒரு சதமேனும் தனியொருவர்க்கு இலாபமாகச் செல்லலாகாது என உறுதி எழுதினர். பங்குடைமை நீங்கியது. வைத்தியர் யாவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவராயினர். உரிமையாளராயிருந்த சகோதரரும் அவ்வாறே சம்பளம் பெறுவோராயினர்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தை மாணவர் உணர்தல் வேண்டும். சம்பளம் பெறும் வைத்தியர்க்கு, ஒரு சிகிச்சையைச் செய்வதால் அதிகப் பணமும் இல்லை; வேண்டாமென்று விடுவதால் நட்டமும் இல்லை. ஆதலின் சத்திர சிகிச்சை வேண்டுமோ என்ற வினாவுக்கு நோயாளரின் உடம்பை மட்டுமே நோக்கி விடை கூறலாம். சகவைத்தியரைக் கலந்துகொள்வதாற் பங்கு குறையுமென்ற அச்சமும் இல்லை. ஈகை என்று நாம் கூறும் செயல், இங்கே நல்ல வைத்தியத்துக்கு வழிவகுக்கும் ஒழுங்காகவும் அமைந்தது.

வில்லியம் மேயோ குறையில்லாத மனிதரென்று யான் கூறவில்லை. அவர் சொல்லே சட்டம் என்று நிலையம் நடந்த காலமும் உண்டு. தம்பியார் நகைச்சுவையுள்ளவர், எவரோடும் எளிதிற் பழகுவார். தமையனாரோ அளந்து பேசுவார். அவர் முன் நிற்க அஞ்சியவர் பலர். ஆயினும் இருவர்க்குமிடையே பொருள் காரணமாகப் பிணக்கு வந்ததில்லை. வரும்படி முழுவதும் ஒரே வங்கிக் கணக்கிற் சேர, இருவரும் வேண்டியதை எடுத்துக்கொண்ட காலமும் இருந்தது. புகழ் எய்தியபோது, தனக்குக் கிடைத்த சிறப்பைத் தம்பியோடு பகிர்ந்தே ஏற்பது அவர் வழக்கம்.

கைத்திறன் குன்றுமுன்னே கத்தியைக் கீழே வைத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வண்ணமே 1928ஆம் ஆண்டில், 67ஆவது வயதில், சத்திர சிகிச்சை செய்வதை நிறுத்தினார். பின்னர் நிர்வாகத்தையும் இளையோரிடம் ஒப்படைத்தார். 1934ஆம் ஆண்டில் சர்வகலாசாலைக்கு மேலும் 5 இலட்சம் டொலர் வழங்கப்பட்டது. அவ்வாண்டே குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ரொச்செஸ்டருக்கு நேரில் வந்து சகோதரரைப் பாராட்டினார். 1938ஆம் ஆண்டில் வில்லியம் தாம் வாழ்ந்த பெருமனையையும் நிலையத்துக்கே அளித்தார்.

1939ஆம் ஆண்டு மே மாதத்தில் சாள்ஸ் மேயோ நியூமோனியாக் காய்ச்சலாற் சிக்காகோ நகரில் இறந்தார். அப்போது தமையனாரும் நோயுற்றிருந்தார். இரைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்வதிற் பெயர்பெற்ற அவரை அந்நோயே பற்றியது. தாம் சிகிச்சை செய்த அதே புனித மரியாள் வைத்தியசாலையில், தாம் பயிற்றிய இளையோர் கையில், ஒரு நோயாளராகக் கிடந்தார். யூலை மாதம் 28ஆந் தேதி உயிர் நீத்தார். இரண்டு மாத இடைவெளியில் இருவரும் மறைந்தனர். நிலையம் மறையவில்லை. 1950ஆம் ஆண்டில் அந்நிலையத்து ஆராய்ச்சியாளர் கெண்டல், ஹெஞ்ச் ஆகிய இருவர், கோட்டிசோன் என்னும் மருந்து பற்றிய ஆய்வுக்காக நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். 1986ஆம் ஆண்டிற் கன்னியர் கட்டிய வைத்தியசாலையும், காலரின் கம்பனியிலிருந்து வந்த வைத்தியசாலையும் மேயோ நிலையத்தோடு ஒன்றாயின. இன்றும் அங்கே வைத்தியர் சம்பளத்துக்கே பணிபுரிகின்றனர்.

மாணவர்களே, பொருள் ஈட்டாதீர் என்று வில்லியம் மேயோவின் வாழ்க்கை கூறவில்லை. அவர் ஈட்டினார், மிகுதியாக ஈட்டினார். ஈட்டியதனாலேயே கட்டடமுங் கருவியும் ஆராய்ச்சியும் உண்டாயின. ஆனால் தமக்கு இவ்வளவு போதும் என்று ஒரு கோடு கீறினார். அக்கோட்டுக்கு அப்பாலுள்ளது தம்முடையதன்று என்று நம்பினார். நம்பியவாறே கையெழுத்தும் வைத்தார். ஒப்புரவு என்று நம் முன்னோர் பெயரிட்ட அறம் இதுவே. அது நமக்குப் புதிதன்று. வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பாடசாலைகளை வளர்த்த மக்களின் வழித்தோன்றல்கள் நாம். ஒவ்வொரு நாளும் உலையிலிடுமுன் ஒரு பிடியை எடுத்து ஒதுக்கிய அத்தாய்மாரும், ஆண்டுதோறும் பாதியை ஒதுக்கிய மேயோ சகோதரரும் செய்தது ஒரே செயல், அளவே வேறு.

நாளை உங்களிற் சிலர் வைத்தியராவீர்கள். சிலர் வைத்தியசாலைகளை நடத்துவீர்கள். நோயாளர் ஒருவர் நடுங்குங் கையாற் பணத்தை எண்ணி உங்கள் மேசைமீது வைக்கும் நாள் வரும். அந்நாளில் இப்பெரியாரை ஒருமுறை நினைத்துக்கொள்வீர்களாயின், இச்சிறு கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.